தை நெருப்பும் மாசி நெருப்பும்

வனச் சரக அலுவலகங்களில் தீப் பதிவேடு என்று ஒன்று இருக்கும். நீள நோட்டு, கையால் கோடு போட்ட பத்திகள். தீ பிடித்த தேதி, நேரம், பீட் என்கிற காவல் பகுதி, எரிந்த பரப்பு, காரணம், அணைக்கப் போன ஆட்கள், செலவு. வனவராகச் சேர்ந்த புதிதில் எனக்கு அதை எழுதக் கற்றுக்கொடுத்த மூத்தவர் ஒரே ஒரு பாடம்தான் சொன்னார்: "பரப்புன்னு வர்ற எடத்துல கை தாராளமா இருக்கக் கூடாது தம்பி." காரணம் என்ற பத்திக்கு நிலையான வாசகம் இருந்தது: 'இனம் தெரியாத நபர்கள்'. சேதம் என்ற பத்திக்கும் அப்படித்தான்: 'சருகு, தரைப்புல் மட்டும், மரங்களுக்குப் பாதிப்பில்லை.' பிற்பாடு நான் வேலை பார்த்த சரகங்களில் எல்லாம் பழைய பதிவேடுகளைப் புரட்டிப் பார்த்தேன். அவற்றை நம்பினால் இந்த மலைகளில் தலைமுறைக் கணக்கில் ஒரு மரம்கூடக் கருகியதில்லை.

இதில் தனி ஆட்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. தீ என்றால் மெமோ வரும். 'தங்கள் பீட்டில் தீ ஏற்பட்டதற்கான விளக்கத்தை உடனடியாகச் சமர்ப்பிக்க வேண்டும்' என்று தொடங்கும். தீயே இல்லாத சரகத்துக்கு ஆய்வுக் கூட்டத்தில் பாராட்டு. பாராட்டும் மெமோவும் இப்படிப் பங்கு போடப்பட்டால் நோட்டில் வேறென்ன ஏறும்? வனக்காப்பாளர் பாதியை எழுதுவார், வனவர் அதில் பாதியை மேலே அனுப்புவார், கோட்ட அலுவலகத்துக்குப் போய்ச் சேரும்போது ஒரு மலைச்சரிவு அரை ஏக்கர் ஆகியிருக்கும்.

2004இல் டேராடூனில் உள்ள இந்திய வன அளவைத் துறை செயற்கைக்கோள் படங்களை வைத்துத் தீ எச்சரிக்கை அனுப்பத் தொடங்கியது. முதலில் வந்த மோடிஸ் கருவிக்கு ஒரு புள்ளி என்பது ஒரு கிலோமீட்டர் அகலம். பிறகு வந்த வீர்ஸ் கருவி அதை 375 மீட்டராகச் சுருக்கியது. 2019இல் முறையை மறுபடி புதுப்பித்தபின், தீ எந்த பீட்டுக்குள் இருக்கிறது என்ற தகவலோடு கைப்பேசிக்கே குறுஞ்செய்தி வருகிறது. நோட்டை எழுதுகிறவரின் கை சிக்கனமாக இருக்க இனி வழியில்லை. நல்ல மாற்றம்தான். ஆனால் அதோடு ஒரு புதுத் தொல்லையும் வந்தது. வானத்தில் இருக்கும் கருவிக்கு வெப்பம் தெரியும், வேளை தெரியாது. தை மாதச் சாயங்காலம் பனி இறங்கும் நேரத்தில் நாங்களே வைத்த நெருப்பும், மாசிக் கடைசியில் உச்சி வெயிலில் எவனோ வைத்துவிட்டு ஓடிய நெருப்பும் அதற்கு ஒரே சிவப்புப் புள்ளி. புள்ளி வந்தால் மெமோ வரும். ஆகவே தை நெருப்பை வைக்கவே ஆள் தயங்குகிறான்.

இந்த இரண்டு நெருப்புக்கும் உள்ள வித்தியாசம்தான் எங்கள் தொழிலின் சாரம். காட்டுத்தீக் கொள்கை என்று நான் பேசும்போதெல்லாம் இந்த ஒன்றைத்தான் பேசுகிறேன்.

மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்குச் சரிவில், மழைமறைவுப் பக்கம் இருக்கும் இலையுதிர் காடுகளில்தான் என் பணிக்காலத்தின் பெரும்பகுதி கழிந்தது. வடகிழக்குப் பருவமழை மார்கழியோடு ஓய்ந்துவிடும். தை பிறக்கும்போது புல்லின் நுனி பழுத்திருக்கும், தூரில் ஈரம் இருக்கும். காலையில் வெகுநேரம் வரை பனி. அந்த நாட்களில் வெயில் தாழ்ந்தபின் நெருப்பு வைத்தால் அது முழங்கால் உயரத்துக்கு மேல் எழாது. புகை நிறைய, சத்தம் குறைவு. ஈரத்தூரைக் கண்ட இடத்தில் நின்றுவிடும். விட்ட இடமெல்லாம் திட்டுத் திட்டாகப் பச்சை. வேங்கை, கருமருது, தேக்கு இவற்றின் தடித்த பட்டைக்கு அது ஒரு பொருட்டே இல்லை. இருட்டிப் பனி இறங்கினால் தானே அடங்கிவிடும்.

அதே சரிவில் மாசி முடிவில் தீ வைத்துப் பாருங்கள். தேக்கு அதற்குள் இலை முழுவதையும் கொட்டியிருக்கும். முறம் அளவு இலை, ஒன்றன்மேல் ஒன்று, இடையில் காற்று புகுந்து காய்ந்து கிடக்கும். மதியம் இரண்டு மணிக்குப் பள்ளத்தாக்கிலிருந்து காற்று மேல்நோக்கி ஏறத் தொடங்கும். அந்த நேரத்தில் சரிவின் அடியில் தீ இருந்தால் மேலே யாரும் நிற்கக் கூடாது. மேல்நோக்கிப் போகும் தீ தன் முன்னால் இருக்கும் புல்லைச் சூடாக்கிக்கொண்டே போகிறது. சரிவு பத்து டிகிரி கூடினால் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது தீயணைப்பவர்கள் எல்லா நாட்டிலும் வைத்திருக்கும் கைக்கணக்கு. மூங்கில் புதருக்குள் தீ புகுந்தால் கணுக்களுக்கு இடையில் அடைபட்ட காற்று வெடித்து, கேட்பவர்கள் வேட்டுப் போடுகிறார்கள் என்றே நினைப்பார்கள்.

மாசி நெருப்பு கோட்டைத் தாண்டாமல் இருக்கத்தான் தையிலேயே தீத்தடுப்புக் கோடு எடுக்கிறோம். ஃபயர் லைன் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். மார்கழிக் கடைசியில் புல்லையும் புதரையும் வெட்டி, வெட்டியதைக் கோட்டுக்குள்ளேயே காயப்போட்டு, இரண்டு ஓரத்தையும் மண் தெரியச் சுரண்டி, சாயங்காலமாகப் பார்த்து எரித்துவிட வேண்டும். எரித்தபின் அங்கே எரிய எதுவும் மிஞ்சக் கூடாது. கேட்கச் சுலபம். யானை நடமாடும் காட்டில் கோட்டின் குறுக்கே லத்தி கிடக்கும். காய்ந்த யானை லத்தி என்பது நார் உருண்டை. மேலே சாம்பல் பூத்து அணைந்ததுபோல் இருக்கும், உள்ளே கனிந்துகொண்டே இருக்கும், சில சமயம் மறுநாள்வரைக்கும். பகல் காற்றில் அது உடைந்து உருண்டால் கோட்டுக்கு அந்தப் பக்கம் தீ. அதனால் எரித்த மறுநாள் விடியற்காலையில் கோடு நெடுக நடந்து ஒவ்வொரு லத்தியையும் குச்சியால் கிளறிப் பார்ப்பதற்கென்றே ஆள் போக வேண்டும். பட்டுப்போய் நிற்கும் பொந்து மரமும் இதே கதை. அடியில் பிடித்த தீ பொந்து வழியாக மேலேறி, முப்பதடி உயரத்திலிருந்து பொறியைக் கோட்டுக்கு அப்பால் தூவும். லீஃப் புளோயர் வந்தபின் சருகு ஒதுக்கும் வேலை எளிதாகிவிட்டது, உண்மை. லத்தியைக் கிளற இன்றைக்கும் குச்சிதான்.

எங்கள் பீட்டில் ஃபயர் வாட்சராக இருந்த பெரியவர் சோளகர் பழங்குடியைச் சேர்ந்தவர். தொட்டி என்று அவர்கள் சொல்லும் குடியிருப்பில் அவர் சொன்னால் ஊர் கேட்கும். ஒரு தை மாதம், கோடு எரிக்கும்போது காட்டுக்குள் இறங்கப் பார்த்த தீயை நான் தழையால் அடிக்கப் போனேன். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"விடுங்க சாமி. அது அந்தப் பாறை வரைக்கும் போயி படுத்துக்கும்."

"போகலேன்னா?"

"இப்ப வெச்சா புல்லு போகும். நீங்க இப்ப அடிச்சு நிறுத்துனா மாசியில எவனாச்சும் வெப்பான். அப்ப மரமும் போகும், மானும் போகும்."

பாறை வரை போய்ப் படுத்துக்கொண்டது. அவருடைய பாட்டன் காலத்தில் தொட்டிக்காரர்களே தையில் சுற்றுக்காட்டுக்குச் சருகுத்தீ வைப்பார்களாம். எங்கே வைப்பது, எதை விடுவது, எந்த ஓடைக்கரைக்குத் தீயைக் கொண்டுபோகக் கூடாது என்பதெல்லாம் பேசி முடித்தபிறகுதான். நெல்லி பொறுக்க, ஈச்சமாறு அறுக்க, மாட்டுக்குப் புதுப்புல் துளிர்க்க, பாம்பும் யானையும் தூரத்திலேயே தெரிய. கர்நாடகப் பக்கத்தில் பிலிகிரி ரங்கன் மலையில் இருக்கும் சோளகர்கள் இதை 'தரகு பெங்கி' என்பார்கள். அந்த மலை 1974இல் சரணாலயமானபின் அது நின்றது. அங்குள்ள சோளகர்கள் அதற்குப் பிறகு நடந்ததாகச் சொல்வது இரண்டு: நெல்லி மரங்களில் புல்லுருவி பெருத்தது, காட்டடி முழுக்க உண்ணிச்செடி மண்டியது. அவர்களோடு சேர்ந்து வேலை செய்த ஆய்வாளர்கள் இதைப் பதிவு செய்து ஆங்கில ஆய்விதழ்களில் வெளியிட்டும் இருக்கிறார்கள்.

நெருப்பை அடியோடு ஒழிப்பது என்ற எண்ணம் நம் காட்டில் முளைத்தது அல்ல. டீட்ரிச் பிராண்டிஸ் இந்தியாவின் முதல் வனத் தலைமை ஆய்வாளராக 1864இல் பொறுப்பேற்றார். அந்தக் காலத்தில் மத்திய மாகாணத்தில், இன்றைய சாத்புராவில் உள்ள போரிக் காட்டில், பியர்சன் என்ற அதிகாரி தீயை முழுவதுமாகத் தடுத்துக் காட்டினார். அப்படியொன்று முடியும் என்று அதுவரை பலர் நம்பவில்லை. முடிந்துவிட்டதென்றதும் அதுவே எல்லா இடத்துக்கும் சட்டமானது. நம் மாநிலத்தில் இன்றும் நடைமுறையில் இருப்பது 1882ஆம் ஆண்டின் வனச் சட்டம்தான். மெட்ராஸ் என்ற பெயர் போய்த் தமிழ்நாடு வந்திருக்கிறது. காப்புக்காட்டில் தீ வைப்பது அதில் குற்றம்.

வேடிக்கை என்னவென்றால், அந்த வெள்ளைக்காரர்களிலேயே சிலருக்குச் சீக்கிரம் சந்தேகம் வந்துவிட்டது. தீ தடுத்த பர்மாக் காடுகளில் மூங்கிலும் ஈரக்காட்டுச் செடிகளும் மூடிக்கொண்டன, தேக்கின் கன்று வெளிச்சம் கிடைக்காமல் செத்தது. தடுப்பையும் மீறித் தீ வந்த ஆண்டில், பல ஆண்டுச் சருகு சேர்ந்து கிடந்ததால் எரிந்தது இன்னும் மோசமாக எரிந்தது. எச். ஸ்லேட் என்ற வன அதிகாரி 1896இல் 'இந்தியன் ஃபாரஸ்டர்' இதழில் பர்மாவில் தீத்தடுப்பு அளவுக்கு மீறிப் போய்விட்டது என்று எழுதினார். வங்காளத்துச் சால் காடுகளிலும் பின்னாளில் இதே பிரச்சினை வர, அங்கே அளவான தீயைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். ஆக, இந்திய வனத்துறை தொடங்கிய ஐம்பது ஆண்டுகளுக்குள்ளேயே இந்த விவாதம் ஒருமுறை நடந்து முடிந்திருக்கிறது. எனக்குப் பயிற்சியில் யாரும் இதைச் சொல்லித்தரவில்லை. ஒரு பழைய நூலகத்தில் தூசி தட்டி எடுத்த இதழ்த் தொகுப்பில் படித்துத் தெரிந்துகொண்டேன்.

இதையெல்லாம் வைத்து, பழையபடி எரிக்க விட்டுவிடுங்கள் என்று சொல்வது எளிது. கருத்தரங்குகளில் அப்படிப் பேசுபவர்களுக்குக் கைதட்டலும் கிடைக்கும். களத்தில் நின்றவனால் அப்படிச் சொல்ல முடியாது.

முதல் காரணம், இன்றைய காட்டில் தீ குறைவாக இல்லை. முதுமலையில் நரேந்திரன் கோதண்டபாணி, மார்க் காக்ரேன், ரா. சுகுமார் ஆகியோர் செய்த ஆய்வு 2004இல் வெளியானது. பழைய வன ஆவணங்களோடு செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டு, எண்பது ஆண்டுகளில் தீ வரும் தடவை மூன்று மடங்காகிவிட்டதென்றும், சராசரியாக 3.3 ஆண்டுக்கு ஒருமுறை அதே இடம் எரிகிறதென்றும் சொன்னார்கள். ஒரு வேங்கைக் கன்று நெருப்பைத் தாங்கும் உயரத்துக்கு வளர இந்த இடைவெளி போதாது. வேரில் துளிர்க்கும், எரியும், மறுபடி துளிர்க்கும். மரமாகவே ஆகாது. அதாவது ஊர் வைத்த நல்ல தீயை நிறுத்தினோம். திருட்டுத்தனமாக வரும் கெட்ட தீயை நிறுத்த முடியவில்லை. கொம்பு பொறுக்குபவன், தேனெடுத்துவிட்டுப் பந்தத்தை வீசுபவன், வரப்பைக் கொளுத்தும் தோட்டக்காரன், போன வாரம் மாட்டைப் பிடித்து அபராதம் போட்டதற்காகச் செக்போஸ்ட் அருகிலேயே வைத்துவிட்டுப் போகிறவன். இவர்களில் யாரும் தை மாதம், சாயங்காலம், பனி என்று பார்க்கப்போவதில்லை. ஒளிந்து வைப்பவனுக்கு உச்சி வெயில்தான் வசதி. நாங்கள் எல்லாம் ஓடையோரம் தண்ணீர் குடிக்கப் போயிருக்கும் நேரம் அது.

இரண்டாவது காரணம் உண்ணிச்செடி. அலங்காரச் செடியாக வந்து இரண்டு நூற்றாண்டுகளில் நாடு முழுக்கப் பரவிய இந்தப் புதர் இலையுதிர் காட்டின் அடித்தளத்தையே மாற்றிவிட்டது. முன்பு தரையில் புல்லும் மேலே மரமும் இருந்தன, நடுவில் வெற்றிடம். இப்போது நடுவில் ஆள் உயரத்துக்கு மேல் காய்ந்த குச்சிகளின் பின்னல். தரையில் பிடித்த தீ அந்த ஏணியில் ஏறி மர உச்சிக்குப் போகிறது. எரிந்தபின் உண்ணிச்செடி சாவதும் இல்லை. வேரிலிருந்து முதல் மழைக்கே துளிர்க்கும், பழத்தைத் தின்ற கொண்டைக்குருவி விதையை அடுத்த சரிவுக்குக் கொண்டுபோகும். ஆகவே உண்ணி மண்டிய இடத்தில் சோளகர் முறையில் தீ வைத்தால் சோளகர் காலத்துக் காடு கிடைக்காது. முதலில் அதைப் பிடுங்க வேண்டும். வெறுமனே வெட்டினால் முன்னைவிட அடர்த்தியாக வரும். டெல்லிப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் சி. ஆர். பாபு வகுத்த முறை எளிமையானது: மண்ணுக்குக் கொஞ்சம் கீழே ஆணிவேரை வெட்டி, செடியைப் பெயர்த்துத் தலைகீழாகக் கவிழ்த்துவிட வேண்டும். அப்புறம் வரும் நாற்றுகளை அடுத்த இரண்டு மழைக்கும் கையால் எடுக்க வேண்டும், அந்த இடத்தில் உள்ளூர்ப் புல்லை வரவைக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் தை நெருப்பு. தமிழக அரசு 2022இல் ஆக்கிரமிப்புத் தாவரங்களுக்கென்று ஒரு கொள்கை கொண்டுவந்ததை நான் பெரிதாக மதிக்கிறேன். ஆனால் களை ஒரு கோப்பிலும் தீ இன்னொரு கோப்பிலும் நகர்கின்றன. காட்டில் அவை ஒரே புதர்.

மூன்றாவது, எல்லாக் காடும் ஒன்றல்ல. சோலைக்காட்டு விளிம்பில் எந்த மாதமும் தீ கூடாது. நான் பேசுவது இலையுதிர் காட்டை மட்டும்.

பணத்தைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதை முழுமையாகாது. காட்டுத்தீத் தடுப்புக்கென்று ஒன்றிய அரசின் திட்டம் ஒன்று உண்டு. நம்மைப் போன்ற மாநிலங்களுக்கு 60 பங்கு அங்கிருந்து, 40 பங்கு இங்கிருந்து. திட்டத்தில் குறையில்லை, நாள்காட்டியில்தான் குறை. கோடு எடுக்கும் வேலை டிசம்பரில் தொடங்கியாக வேண்டும். ஒதுக்கீடு கைக்கு வருவது நான் பார்த்தவரை பெரும்பாலும் மாசியில். அப்போது புல் பொரிந்து கிடக்கும், கோடு எரிக்கப் போனால் கோடே காட்டுத்தீ ஆகிவிடும். மார்ச் 31க்குள் செலவுக் கணக்கு முடிக்க வேண்டும். சீசனின் உச்சத்தில் சரகர் காட்டில் இருப்பதா, பில்லோடு கருவூலத்தில் நிற்பதா? ஒரு வருடம் ஒரு மேலதிகாரியிடம் இதைக் கேட்டேன். "கோட்டை எடுத்து முடிங்க, பணம் பின்னாடி வரும்" என்றார். பணம் பின்னாடி வரும் என்பதன் பொருள், வாட்சருக்குக் கூலி பின்னாடி வரும் என்பது. சித்திரையில் தர வேண்டிய கூலி ஆடிவரை இழுத்த வருடமும் உண்டு. தொட்டியில் கடைக்காரரிடம் கடன் சொல்லி அரிசி வாங்கித் தீயணைத்தவர்கள் அவர்கள்.

அவர்கள் காலில் போட்டிருப்பது ரப்பர் செருப்பு. கனல் மேல் நடந்தால் அடிப்பாகம் இளகிப் பாதத்தில் ஒட்டும். கையில் பச்சைத் தழை, அரிவாள், ஒரு தண்ணீர் பாட்டில். சீசன் முடிந்தால் வேலை முடிந்தது. 2020 பிப்ரவரியில் கேரளத்தின் திருச்சூர் மாவட்டம் கொட்டம்பத்தூரில் தீயணைக்கப் போன மூன்று வாட்சர்கள் இறந்தார்கள். அதற்கு முன்பே, 2017இல் பந்திப்பூரில் ஒரு வனக்காப்பாளர். இவையெல்லாம் செய்தித்தாளில் ஒருநாள் வந்து போகும். ஹெலிகாப்டர் வாளியில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றும் படமோ நான்கு நாள் ஓடும். 2019 பந்திப்பூர்த் தீக்கும் 2024 குன்னூர்த் தீக்கும் விமானப்படை வந்து உதவியது, வேண்டிய உதவிதான். ஆனால் ஹெலிகாப்டர் வர வேண்டிய நிலை என்பது தையில் ஏதோ நடக்காமல் போனதன் கணக்கு.

குரங்கணியையும் அந்த வரிசையில்தான் வைக்கிறேன். 2018 மார்ச் 11. போடி மலையில் தைலப்புல் சரிவு ஒன்றில் மலையேற்றக் குழுவினரைத் தீ சூழ்ந்தது, இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். நான் அப்போது வேறு மாவட்டத்தில் இருந்தேன். செய்தி கேட்டதும் எங்களில் பலர் மனதுக்குள் போட்ட கணக்கு ஒன்றே: மார்ச், சரிவு, முதிர்ந்த புல், மதியத்துக்கு மேல். எண்ணெய் உள்ள புல் அது, பச்சையிலேயே பற்றும். அரசு அதுல்ய மிஸ்ராவை விசாரணை அதிகாரியாக நியமித்தது, அந்த ஆண்டே மலையேற்றத்தை ஒழுங்குபடுத்தும் விதிகளும் வந்தன. யார் அனுமதித்தது, யார் அனுமதியில்லாமல் போனது என்ற கேள்விகளுக்கு விடை தேடியது நியாயம். இன்று தீக்காலத்தில் மலையேற்றப் பாதைகளை மூடுகிறார்கள், அதுவும் நல்லது. ஆனால் நுழைவை ஒழுங்கு செய்ததுபோல் அந்தச் சரிவுகளின் புல்லை ஒழுங்கு செய்யும் திட்டம் பற்றி, அதற்குப் பிறகு நான் உட்கார்ந்த எந்தக் கூட்டத்திலும் பேச்சு எழவில்லை. ஆளைத் தடுத்தால் ஆள் பிழைப்பான், சரி. மலையில் பிறந்து வளர்ந்தவனையும் அங்கே டூட்டி பார்ப்பவனையும் எங்கே தடுப்பது?

சட்டம் இடம் கொடுக்காது என்று சொல்லி முடித்துவிடுவார்கள். நான் படித்தவரை அது முழு உண்மையில்லை. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், பிரிவு 30, சரணாலயத்துக்கு ஆபத்து நேரும் விதத்தில் தீ வைக்கக் கூடாது என்கிறது. ஆபத்தைக் குறைக்க வைக்கும் தீயை அது பேசவே இல்லை. நாங்கள் கோடு எரிப்பதும் தீதானே? 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், காலங்காலமாகக் காத்துவந்த சமூக வன வளத்தைக் காக்கவும் மேலாண்மை செய்யவும் கிராம சபைக்கு உரிமை தருகிறது. 2011இல் பிலிகிரி ரங்கன் மலைச் சோளகர்களுக்கு, அது புலிகள் காப்பகமான அதே ஆண்டில், இந்த உரிமை ஏட்டில் வழங்கப்பட்டது. நாட்டிலேயே புலிகள் காப்பகத்துக்குள் இதைப் பெற்ற முதல் சமூகம் என்று சொல்வார்கள். 2018இல் வந்த தேசியக் காட்டுத்தீச் செயல்திட்டமும் மக்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்கிறது. ஆக, தாள்கள் இருக்கின்றன.

இல்லாதது ஒரு கையெழுத்து. திட்டமிட்டுத் தீ வைக்கும் ஆணையில் யார் கையெழுத்திடுவது? நூறு முறை நன்றாக எரிந்து அடங்கினால் யாரும் கேட்க மாட்டார்கள். ஒருமுறை காற்று திரும்பிப் பக்கத்துச் சரிவுக்குப் போனால் கையெழுத்துப் போட்டவரின் வேலை போகும், வழக்கும் வரும். தீயே வைக்காமல், மாசியில் ஆயிரம் ஏக்கர் எரிந்தால்? 'இனம் தெரியாத நபர்கள்.' எந்த அதிகாரியும் எதைத் தேர்ந்தெடுப்பார் என்று யோசிக்க வேண்டியதில்லை.

அமெரிக்கர்கள் இதே குழியில் விழுந்து எழுந்து வருகிறார்கள். அவர்களுடைய வனத்துறை 1935இல் ஒரு விதி போட்டது: எங்கே தீ கண்டாலும் மறுநாள் காலை பத்து மணிக்குள் அடக்கிவிட வேண்டும். 1978இல்தான் அதைக் கைவிட்டார்கள். அதற்குள் காடுகளில் எரிபொருள் சேர்ந்துவிட்டது. ஃபுளோரிடா மாநிலம் 1990இல் திட்டமிட்ட தீக்கென்றே சட்டம் இயற்றியது: பயிற்சி பெற்றுச் சான்று வாங்கியவர், எழுதிய திட்டத்தின்படி, அனுமதியோடு எரித்தால் அவருக்குச் சட்டப் பாதுகாப்பு. அங்கே ஆண்டுக்கு ஏறத்தாழ இருபது லட்சம் ஏக்கர் இப்படி எரிக்கப்படுகிறது. கலிபோர்னியா 2021இல் சட்டம் கொண்டுவந்து, விதிப்படி எரித்த தீ கைமீறிப் போனாலும், பெருங்கவனக்குறைவு இல்லாதவரை அணைப்புச் செலவைக் கேட்க மாட்டோம் என்றது. பழங்குடி மரபுப்படி தீ வைப்பவர்களையும் அந்தப் பாதுகாப்புக்குள் சேர்த்தது.

இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். 2022 ஏப்ரலில் நியூ மெக்சிகோவில் வனத்துறையே வைத்த திட்டத் தீ தப்பி, இன்னொரு தீயோடு கலந்து, மூன்று லட்சம் ஏக்கருக்கு மேல் எரிந்தது. வீடுகள் போயின. அந்த மாநில வரலாற்றிலேயே பெரிய தீ. உடனே நாடு முழுக்க எல்லாத் திட்டத் தீயையும் நிறுத்தி, 90 நாள் ஆராய்ந்து, கூடுதல் நிபந்தனைகளோடு மறுபடி தொடங்கினார்கள். நம் ஊரில் அப்படி ஒன்று நடந்திருந்தால் நிறுத்தியதோடு கதை முடிந்திருக்கும்.

நான் ஓய்வு பெறுவதற்குமுன் ஒரு கூட்டத்தில் இதை ஒரு முன்மொழிவாக வைத்தேன். பெரிய பரப்பு எதுவும் கேட்கவில்லை. உண்ணி எடுத்து முடித்த ஒரு சரிவு, நான்கு பக்கமும் பாறையும் ஓடையும் கோடும் உள்ளது. தை மாதம், கிராம சபைத் தீர்மானம், தொட்டியின் மூத்தவர்கள் குறித்துக்கொடுக்கும் நாள், காற்றும் ஈரப்பதமும் அளந்து எழுதிய தாள், சுற்றிலும் ஆட்கள், மறுநாள் லத்தி கிளற ஆட்கள். அடுத்த மூன்று மழைக்கு என்ன முளைக்கிறது என்று எண்ணிப் பார்க்கப் பக்கத்திலேயே எரிக்காத ஒரு சரிவு. தலைமை வகித்தவர் பொறுமையாகக் கேட்டார். கடைசியில், "திட்டம் நல்லாத்தான் இருக்கு, ஆனா நீங்க அடுத்த வருஷம் இருக்க மாட்டீங்க, வர்றவர் இதைத் தொடருவாரா?" என்றார்.

நியாயமான கேள்வி. சரகர்களை மூன்று வருடத்துக்கு ஒருமுறை மாற்றுகிறார்கள். ஒரு சரிவை உண்ணியிலிருந்து மீட்டு, ஒழுங்கான தை நெருப்புக்குக் கொண்டுவர அதைவிட அதிக காலம் பிடிக்கும். நான் சொன்ன பதில், தொட்டிக்காரர்கள் மாற்றலாகிப் போவதில்லை, ஆணையில் சரகரோடு கிராம சபையும் கையெழுத்திடட்டும் என்பது. அறிவைக் கொடுத்துவிட்டுக் கூலிக்கு அலைகிறவர்களாக இல்லாமல், முடிவெடுப்பவர்களாக அவர்கள் உள்ளே வரட்டும்; கைமீறினால் பொறுப்பைப் பகிர, விதி ஒன்று எழுதிக்கொள்ளலாம். குறிப்பில் அதையும் சேர்த்து எழுதச் சொன்னார்கள். சேர்த்து, படம் வரைந்து, பீட் வரைபடத்தோடு கொடுத்துவிட்டு வந்தேன்.